தலைவர் செத்த லேட்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் நகர் சங்கத் தலைவர் காலமானார். அன்றைக்கே சாயங்காலம் பழனி பஸ்ஸில் வந்து இறங்கினார்.

பதறாதீர்கள். முதலிலிருந்து சொல்கிறேன்.

உங்களில் யாராவது குடியிருப்போர் நலச் சங்கத்தில் பொறுப்பில் இருக்கிறீர்களா? இருந்தால் முதலில் கையைக் கொடுங்கள். நான் எங்கள் பூஞ்சோலை நகர் சங்கத்தின் செயலாளர். திண்டுக்கல்லில் இருந்து பழனி ரோட்டில் போனால், ஊர் முடிந்து வயல் ஆரம்பிக்கிற இடத்தில் எங்கள் நகர் இருக்கிறது. நாலே தெரு. பூவும் கிடையாது, சோலையும் கிடையாது. பிளாட் போட்டு விற்றவர் நோட்டீஸில் அச்சடித்த பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது.

எனக்குப் பதவி கிடைத்ததே ஒரு கூத்து. "நீங்கதான் பத்திரிகையில எழுதுறீங்களே, நமக்கு நோட்டீஸ் எழுத ஒரு ஆள் வேணும்க்கா" என்றார்கள். எனக்கு எழுத வரும் என்று எங்கள் தெருவிலேயே ஒருவர் ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை. அந்த சந்தோஷத்தில் தலையாட்டிவிட்டேன். அன்றிலிருந்து 'காலி பிளாட்டில் குப்பை கொட்டாதீர்' வகை இலக்கியத்தில் நான் அடைந்திருக்கிற தேர்ச்சி கொஞ்சநஞ்சமல்ல.

தலைவர் சுப்பையா சார், பஸ் டெப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். பஸ் லேட்டானால் டிரைவரைக் கேள்வி கேட்டே பழகிய மனிதர். வாழ்க்கையில் எதற்கும் தாமதமாகப் போனதில்லை. கல்யாண வீட்டுக்கு அவர் போகும்போது சமையல்காரர்கள் மட்டும்தான் இருப்பார்கள்.

அவருக்கு ஒரே ஒரு கனவு. நாலாம் தெருவுக்குத் தண்ணீர்.

எங்களுக்குக் குடிதண்ணீர் என்றால் ஆத்தூர்த் தண்ணீர்தான். அணையிலிருந்து வருவது, இளநீர் மாதிரி இருக்கும். ஏதோ ஒரு நாள் வரும். வருகிற நாளில் நகருக்கே திருவிழாதான்... மூன்று தெருவுக்கு மட்டும். முதல் இரண்டு தெருக்காரர்களும் குழாயிலேயே மோட்டாரைப் போட்டு இழுத்துவிடுவார்கள். மூன்றாம் தெருவில் ஒழுகும். நாலாம் தெருக் குழாயில் 'உஸ்ஸ்' என்று காற்று வரும். அவ்வளவுதான்.

நாலாம் தெருவின் கடைசி வீடு பஞ்சவர்ணத்தினுடையது. சின்னாளபட்டியில் தறிக் குடும்பத்தில் பிறந்தவள். கடன் வாங்கி இங்கே ஒரு சின்ன வீடு கட்டி, வாசலில் 'இட்லி தோசை மாவு கிடைக்கும்' என்று போர்டு மாட்டியிருக்கிறாள். எங்கள் நகரில் முக்கால்வாசிப் பேர் காலையில் சாப்பிடுவது அவள் மாவில் சுட்ட இட்லியைத்தான். ஆனால் மாவு ஆட்ட நல்ல தண்ணீர் வேண்டுமே? அவள் வீட்டு போர்த் தண்ணீரில் டீ போட்டால் பால் திரிந்துவிடும். அதனால் விடிவதற்கு முன்னால் குடத்தைத் தூக்கிக்கொண்டு முதல் தெருவுக்கு வந்து கெஞ்சுவாள்.

"இந்தக் கோடைக்குள்ள தண்ணி வரலைன்னா வீட்டை வாடகைக்கு விட்டுட்டு அம்மா வீட்டுக்கே போயிருவேன்க்கா. இடுப்பு போயிருச்சு" என்று என்னிடம் சொன்னாள். அழவில்லை. கணக்குப் பார்த்து முடிவு செய்தவள் குரலில் சொன்னாள். எனக்குத்தான் அன்றைக்கு இட்லி இறங்கவில்லை.

இதற்குத் தீர்வு ரொம்பச் சுலபம். நடுவில் ஒரு வால்வு. ஒரு முறை முன் இரண்டு தெருவுக்கு, அடுத்த முறை பின் இரண்டு தெருவுக்கு. தண்ணீர் ஆபீஸில் கேட்டோம். "வச்சுத் தாரோம். ஒங்க நகர் பொதுக்குழுவில எல்லாரும் சேந்து ஒரு தீர்மானம் போட்டுக் கொண்டாங்க" என்றார்கள்.

பொதுக்குழுவா? அங்கேதான் வந்தது வினை.

சங்க விதிப்படி பாதிப் பேராவது வந்து உட்கார்ந்தால்தான் பொதுக்குழு செல்லும். அதற்குப் பெயர் 'கோரம்'. முதல் தடவை இந்த வார்த்தையைக் கேட்டதும் பஞ்சவர்ணம் பயந்துபோய், "கோரமா? என்னக்கா ஆச்சு?" என்று கேட்டாள். அவள் பயந்தது சரிதான். ஒவ்வொரு கூட்டத்திலும் எங்களுக்கு நடந்தது கோரம்தான். நாற்காலி போட்டு, டீ சொல்லி, மைக் கட்டி உட்கார்ந்தால்... தலைவர், நான், பொருளாளர் பாண்டி அண்ணன், நாலாம் தெருக்காரர்கள் கொஞ்சம் பேர், ஒரு நாய்.

முன் தெருக்காரர்கள் ஏன் வரவில்லை? இங்கேதான் ஒரு பெரிய உண்மையைக் கண்டுபிடித்தேன். நம் ஊரில் ஒரு விஷயம் பிடிக்கவில்லை என்றால் யாரும் வந்து எதிர்த்து ஓட்டுப் போடுவதில்லை. வராமல் இருந்துவிடுவார்கள். சண்டையும் இல்லை, பொல்லாப்பும் இல்லை... வேலையும் முடிந்துவிடும்!

தலைவர் விடவில்லை. வீடு வீடாகப் போய் அழைப்பார். அவர் தலை தெருமுனையில் தெரிந்ததுமே முதல் தெருவில் டிவி சத்தம் அடங்கும். கதவு கால்வாசி திறக்கும். "அவரு குளிக்கிறாருங்களே" என்று ஒரு குரல் வரும். எந்த நேரத்தில் போனாலும் முதல் தெரு ஆண்கள் அத்தனை பேரும் குளித்துக்கொண்டே இருந்தார்கள். ஆத்தூர்த் தண்ணீர் எங்கே போகிறது என்று இனிமேல் யாராவது கேட்பீர்களா?

இந்தக் குளியல் கோஷ்டிக்குத் தலைவர் என்று சுகுமாரன் சாரைச் சொல்லலாம். ஓய்வு பெற்ற அதிகாரி. நல்ல மனிதர். யார் வீட்டில் நல்லது கெட்டது என்றாலும் முதல் ஆளாக நிற்பார். எங்கள் நகரின் வாட்ஸ்அப் குரூப்பில் வாழ்த்தோ இரங்கலோ, பத்தி பத்தியாக அழகான தமிழில் போடுவார். மோட்டாரை மட்டும் நிறுத்த மாட்டார்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம்.

சாயங்காலம் பொதுக்குழு. காலையிலேயே தலைவரும் அவர் மனைவி ராஜாத்தி அக்காவும் பேத்திக்கு முடியிறக்கப் பழனிக்குப் போயிருந்தார்கள். மலைக்கோயிலில் கூட்டமான கூட்டம். எங்கள் டைம் கீப்பர் வாழ்நாளில் முதல் தடவையாகத் தாமதமாகப் போகிறார்! பதறிப்போய், வரிசையில் நின்றபடியே பாண்டி அண்ணனுக்கு போன் போட்டுச் சொல்லியிருக்கிறார். மேலே செல்போன் கொண்டுபோகக் கூடாது என்பதால், போனைக் கீழே கொடுத்துவிட்டு ஏறிவிட்டார்.

பாண்டி அண்ணன் டவுனில் பூட்டுக் கடை வைத்திருப்பவர். டைப் அடிக்கப் பொறுமை கிடையாது. சுருக்கமாக, நாங்கள் பேசுகிற மாதிரியே குரூப்பில் போட்டார்.

"தலைவர் செத்த லேட். சாயங்காலம் எல்லாரும் வந்துருங்க."

நான் பார்த்தேன். சரி என்று போனைப் பையில் போட்டுக்கொண்டு, நாற்காலி இறக்கப் போய்விட்டேன். எங்கள் பக்கத்துப் பேச்சில் 'செத்த' என்றால் 'கொஞ்சம்'. செத்த உக்காருங்க, செத்த தள்ளுங்க, செத்த நேரத்துல வாரேன்... நாள் முழுக்க இப்படிச் செத்த செத்த என்று சொல்லிக்கொண்டேதான் நாங்கள் உயிரோடு இருக்கிறோம்.

ஆனால் இரண்டாம் தெருவுக்கு அப்போதுதான் சென்னையிலிருந்து தினேஷ் என்ற பையன் குடிவந்திருந்தான். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. அவனுக்கு இந்தச் 'செத்த' தெரியாது. ஒரே ஒரு செத்ததான் தெரியும். பக்கத்திலேயே 'லேட்' வேறு இருக்கிறது. போஸ்டரில் பெயருக்கு முன்னால் போடுவார்களே, அந்த லேட்! பாவம், அவன் என்ன செய்வான்? "ஆழ்ந்த இரங்கல்" என்று போட்டு, கூடவே கும்பிடுகிற கை ஒன்றையும் போட்டான்.

குரூப்பில் மேலே என்ன இருக்கிறது என்று யாராவது தள்ளிப் பார்க்கிறோமா? முந்தின ஆள் கேக் போட்டால் நாமும் கேக். முந்தின ஆள் கும்பிட்டால் நாமும் கும்பிடு. கும்பிடு மளமளவென்று பெருகியது. "நேத்துகூட எங்க வீட்டுக்கு வந்தாரே" என்று ஒருவர். அவர் வந்தபோது குளித்துக்கொண்டிருந்தவர்தான் இவர்! வீட்டைப் போய்ப் பார்த்தவர்கள் "பூட்டியிருக்கு" என்றார்கள். போன் போட்டவர்கள் "எடுக்கல" என்றார்கள். வேறென்ன வேண்டும்?

ஷாமியானா கட்டி முடித்து நான் போனைப் பார்த்தேன். திரையில் வரிசையாக அஞ்சலி. யாருக்கு என்று பார்த்தால் தலைவருக்கு! இறக்கி வைத்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பாண்டி அண்ணன் போட்டதைச் சரியாகப் புரிந்துகொண்டவள் நான். அப்படியும் நம்பினேன். இத்தனை பேர் சொல்லும்போது?

பாண்டி அண்ணனே ஓடி வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அக்கா... காலையிலகூட என்கிட்ட பேசுனாரேக்கா!"

"யாரு சொன்னா அண்ணே?"

"குரூப்புல போட்டுருக்காங்கக்கா."

தான் போட்ட செய்தி ஊரைச் சுற்றி இரங்கலாகத் திரும்பி வந்ததைப் பார்த்து, போட்ட மனிதரே அழுகிறார்! அப்போது எங்கள் இரண்டு பேருக்கும் அது தெரியாது. தெரிந்திருந்தால் அங்கேயே நான் அவரை ஒரு வழி பண்ணியிருப்பேன்.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. ஒரு மனிதர் தெருத் தெருவாக நடந்தாரே, ஒரு நாள் வந்து உட்கார்ந்திருக்கக் கூடாதா என்று எல்லார் மேலும் கோபம் வந்தது.

சாயங்காலம் எல்லாரும் வந்துவிட்டார்கள்.

ஆமாம், எல்லாரும்! முதல் தெரு, இரண்டாம் தெரு... இத்தனை வருஷத்தில் நான் முகமே பார்த்திராதவர்கள்கூட. குளித்துவிட்டு வந்தவர்கள், வீட்டுக்குப் போய்க் குளிக்க வேண்டுமே என்று குளிக்காமல் வந்தவர்கள். போட்ட நாற்காலி போதவில்லை. சுகுமாரன் சார் பூ மார்க்கெட்டில் சொல்லிக் கட்டிய ஆள் உயர ரோஜா மாலையோடு வந்தார். "ஐஸ் பெட்டி சொல்லிட்டீங்களாம்மா, இல்ல நான் சொல்லவா?" என்று என்னிடம் பொறுப்பாக விசாரித்தார். பஞ்சவர்ணம் மாலை கொண்டுவரவில்லை. ஓரமாகத் தரையில் உட்கார்ந்து, "எங்க தெருவுக்குன்னு அலைஞ்ச மனுசன்" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்போதுதான் ரோட்டில் பழனி பஸ் நின்றது.

மொட்டைத் தலை. தலை முழுக்கச் சந்தனம். கையில் பஞ்சாமிர்த டப்பா. மங்கின வெளிச்சத்தில் அந்த உருவம் நிதானமாக எங்களை நோக்கி நடந்து வந்தது. யாரோ ஒரு பெண்பிள்ளை வீலென்று கத்தினாள். தினேஷ் எழுந்து நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

"எல்லாரும் வந்தாச்சா?" என்றது உருவம்.

பின்னாலேயே ராஜாத்தி அக்கா மூச்சிரைக்க வந்தார். கண்ணில் பொறி பறந்தது. "நான் தலப்பாடா அடிச்சுக்கிட்டேன்! கீழ எறங்கி போனை வாங்கிப் பாத்தோம், அம்புட்டு இரங்கலு! ஒரு வார்த்தை சொல்லுங்க, நல்லாருக்கேன்னு சொல்லுங்கன்னேன். கேட்டாரா? 'செத்த சும்மா இரு, கோரம் சேரட்டும்'னு வந்த போனையெல்லாம் எடுக்காமலே வந்துட்டாரு இந்த மனுசன்! ஏலே பாண்டி, ஒன்னைய அப்புறம் பேசிக்கிறேன்."

தலைவர் மைக்கைத் தட்டிப் பார்த்தார். உட்கார்ந்திருந்தவர்களைத் தெரு வாரியாக எண்ணினார், டெப்போவில் பஸ் எண்ணுகிற மாதிரி. முகம் மலர்ந்துவிட்டது.

"கோரம் இருக்கு. செயலாளரம்மா, ஆரம்பிக்கலாம்."

யாராவது எழுந்து போக முடியுமா? கையில் மாலையோடு?

தலைவர் போனை எடுத்தார். "எல்லாரும் என்னையப் பத்தி நல்லா எழுதியிருக்கீங்க. பஸ்ஸுல படிச்சுக்கிட்டே வந்தேன். இம்புட்டுப் பேரு எம்மேல பிரியமா இருக்கீங்கன்னு எனக்குத் தெரியாமப் போச்சு." செருமிக்கொண்டார். "சுகுமாரன் சார் போட்டது ரொம்ப நல்லாருக்கு. வாசிக்கிறேன்."

வாசித்தார்.

"'தன்னலமற்ற தலைவரை இழந்தோம். நாலாம் தெருவுக்கும் தண்ணீர் என்ற அன்னாரின் கனவை நனவாக்குவதே நாம் அவருக்குச் செலுத்தும் உண்மையான அஞ்சலி.' இதையே தீர்மானமா எழுதிக்கங்க, செயலாளரம்மா. முன்மொழிஞ்சவர் சுகுமாரன் சார். 'அன்னார்'ங்கறத மட்டும் எடுத்துருங்க. சம்மதம்னா எல்லாரும் கையைத் தூக்குங்க."

நாலாம் தெருக் கைகள் முதலில் உயர்ந்தன. மூன்றாம் தெரு. தினேஷ் இரண்டு கையையும் தூக்கினான். பிறகு ஒவ்வொன்றாக... சுகுமாரன் சார் சுற்றிலும் பார்த்தார். மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இவ்வளவு நேரம் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டிருந்தார். மெல்லக் கையைத் தூக்கினார். கையோடு சேர்ந்து ரோஜா மாலையும் எழும்பியது.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

கூட்டம் முடிந்ததும் சுகுமாரன் சார் என்னிடம் வந்து தாழ்ந்த குரலில், "அந்த வரி நான் எல்லாருக்கும் போடுறதும்மா. பேரையும் கனவையும் மட்டும் மாத்துவேன்" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவருக்கும்தான். சும்மா சொல்லக் கூடாது, மறுநாளே மோட்டாரைக் கழற்றிவிட்டார்.

தலைவரிடம் கேட்டேன். "பேத்திக்குத்தானே சார் மொட்டை? நீங்க எதுக்குப் போட்டுக்கிட்டீங்க?"

"முருகன்ட்ட ஒண்ணு வேண்டிக்கிட்டேன்மா. கோரம் குடுப்பான்னு." தலையைத் தடவிக்கொண்டார். "நடந்தப்புறம்தான் போடணும். நான் முன்கூட்டியே போட்டுட்டேன். கீழ எறங்கிப் போனைத் தொறக்குறேன், குடுத்துட்டான்!"

கல்யாணம், பிள்ளை, வேலை என்று ஆளாளுக்கு ஏதேதோ கேட்கிற மலையில், கோரம் கேட்ட முதல் பக்தர் எங்கள் தலைவராகத்தான் இருப்பார்.

செயலாளர் என்ற முறையில் வீட்டுக்கு வந்ததும் குரூப்பில் ஒரு திருத்தம் போட்டேன். 'நமது தலைவர் பூரண நலத்துடன் இருக்கிறார்.' எல்லாரும் பார்த்துவிட்டார்கள் என்று நீலக் குறி காட்டியது. பதில் போட்டது தினேஷ் மட்டும்தான். "சாரி ஆன்ட்டி." செத்துப்போனார் என்றால் அத்தனை கும்பிடு. இருக்கிறார் என்றால் ஒரு கட்டைவிரல்கூட இல்லை! உயிரோடு இருப்பவர்களுக்கும் இரண்டு வரி போடுகிற பழக்கம் நமக்கு எப்போதுதான் வரப்போகிறது?

வால்வு வந்துவிட்டது. போன வாரம் நாலாம் தெருவுக்கு முதன்முறையாகத் தண்ணீர் திறந்தார்கள். தலைவர் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே போய்ப் பஞ்சவர்ணம் வீட்டு வாசலில் நின்றுகொண்டார். தலையில் முடி கொஞ்சம் முளைத்திருந்தது. நானும் கூட நின்றேன். குழாய் வழக்கம்போல 'உஸ்ஸ்' என்றது. பஞ்சவர்ணத்தின் முகத்தைப் பார்க்க எனக்கு தைரியம் வரவில்லை. பிறகு குழாய் இருமியது. கலங்கலாகக் கொஞ்சம் கொட்டியது. அப்புறம் பாருங்கள், குடத்தில் விழுந்த சத்தத்தை... அக்கம்பக்கத்து வீடுகளில் இருந்தெல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

பஞ்சவர்ணம் ஒரு கை அள்ளிக் குடித்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தண்ணீரா கண்ணீரா என்று நான் உற்றுப் பார்க்கவில்லை. தலைவர் "சரிம்மா, வாரேன்" என்று கிளம்பினார். வெறும் கையோடு அனுப்ப அவளுக்கு மனசு வருமா? மாவு எடுக்க உள்ளே ஓடினவள், ஓடின வேகத்தில் திரும்பிக் கத்தினாள்.

"தலைவரே, செத்த இருங்க!"

தெருவே ஒரு விநாடி அப்படியே நின்றது. தலைவர் திரும்பிப் பார்த்தார்.

"இருக்கேன்மா" என்றார். "நல்லாவே இருக்கேன்."